ஒன்பதாம் பாதை: பெர்த்தாம் ஆற்றை ஒட்டி ஒரு சிறுநடை

மலேசியாவில் உள்ள கேமரன் மலையின் காடுகளுக்குள் எண்ணிட்ட நடைபாதைகள் பல உண்டு. சில பாதைகள் மலையுச்சிக்கு ஏறுகின்றன. ஏறுவதற்குள் அரைநாள் போய்விடும். ஒன்பதாம் எண் பாதை அப்படிப்பட்டதன்று. தானா ராத்தா பட்டணத்தின் விளிம்பில், மார்டி வேளாண் ஆய்வு நிலையத்தின் பக்கமாக அது தொடங்கி, பெர்த்தாம் ஆற்றை ஒட்டியே போய், ஏறத்தாழ இருபது நிமிடத்தில் ராபின்சன் அருவியின் தலைமாட்டில் கொண்டு சேர்க்கிறது. முதியவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் மூச்சு வாங்காமல் போய்வரக்கூடிய தொலைவு. மேற்கொண்டு நடக்க விரும்புகிறவர்களுக்கு அதிலிருந்து பிரியும் 9ஏ பாதை காட்டைக் கடந்து, காய்கறித் தோட்டங்களின் நடுவே இறங்கி, போ தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் சாலையில் முடிகிறது. அங்கிருந்து ஹாபு கிட்டத்தில்தான். ஹாபுவுக்குக் கீழே ரிங்லெட் நீர்த்தேக்கம். அதன் அணைக்குக் கீழே லெம்பா பெர்த்தாம் குடியிருப்பு. பாதை முடிந்த பிறகும் ஆறு இந்த வழியாகத்தான் போகிறது.

தண்ணீர் இருக்கும் இடத்தை நோக்கி நடப்பது மனிதரின் மிகப் பழைய பழக்கங்களில் ஒன்று. வறண்ட நாடுகளில் அது உயிர்ப்பிரச்சினை. சாக்கடலின் கரையில் உள்ள ஐன் கெதி என்ற பாலைச்சோலையில், கூர்மையான பாறைப் பள்ளத்தாக்கு ஒன்றின் வழியே சிறிது தூரம் நடந்தால் ஆண்டு முழுவதும் வற்றாத ஊற்றுநீர் அருவியாக விழுவதைக் காணலாம். அமெரிக்காவின் மரணப் பள்ளத்தாக்கில் டார்வின் அருவியும் அப்படித்தான். தமிழ்நாட்டில் திருச்செந்தூருக்கு அருகே செம்மணல் தேரிக்காட்டில் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் இருக்கிறது. சுற்றிலும் கால் புதையும் சிவந்த மணல். கோயில் பக்கத்தில் சுனை. சுனையைக் காப்பதற்கென்றே ஒரு தெய்வத்தை நிறுத்திய ஊர்க்காரர்களுக்கு நீரின் அருமை தெரிந்திருந்தது.

கேமரன் மலையில் நிலைமை தலைகீழ். தானா ராத்தாவில் ஆண்டுக்குச் சுமார் 2,700 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. தூத்துக்குடி மாவட்டம் நான்கு ஆண்டுகளில் பெறும் மழை இங்கே ஓர் ஆண்டிலேயே கொட்டிவிடும் என்று சொன்னால் பெரிய மிகை இல்லை. ஆனாலும் தேரியின் சுனைக்கும் பெர்த்தாம் ஆற்றின் ஊற்றுக்கண்ணுக்கும் அடிப்படை விதி ஒன்றே. மழைநீர் மண்ணுக்குள் இறங்க வேண்டும்; இறங்கிய நீரை அதற்கு மேல் போகவிடாமல் ஏதோ ஓர் அடுக்கு தாங்க வேண்டும்; தாங்கிய நீர் சரிவில் தாழ்வான இடம் தேடிக் கசிய வேண்டும். தேரியில் நீரை உள்வாங்கும் வேலையை மணல் செய்கிறது. மலையில் அதை ஒரு காடே செய்கிறது.

பெர்த்தாம் ஆறு பிரிஞ்சாங் மலையின் சரிவுகளில் பிறக்கிறது. 2,000 மீட்டருக்குச் சற்று மேல் உயரமுள்ள அந்த மலையின் உச்சிப் பகுதியில் பாசிக்காடு என்று சொல்லப்படும் வனம் உண்டு. அங்கே மரங்கள் குட்டையாக, முறுக்கிக்கொண்டு வளர்கின்றன. அடிமரம், கிளை, வேர், விழுந்த கட்டை என ஒன்று விடாமல் பாசி போர்த்தியிருக்கும். நாளின் பெரும்பகுதி அந்தக் காடு மேகத்துக்குள்தான் நிற்கிறது. மழை பெய்யாத நேரத்திலும் நகர்ந்து போகும் மேகத்தின் நுண்துளிகள் இலையிலும் பாசியிலும் ஒட்டிச் சேர்ந்து சொட்டுகின்றன. மழைமானியில் பதிவாகாத இந்த ஈரமும் ஆற்றின் வரவுக் கணக்கில் சேர்கிறது. பாசி தன் எடையைப் போலப் பல மடங்கு நீரைப் பிடித்து வைத்து மெல்ல விடுகிறது. அதன் கீழே மக்கிய இலைகளால் ஆன தடித்த கரிமண். அதற்கும் கீழே திதிவங்சா மலைத்தொடரின் கருங்கல்.

இந்தக் கருங்கல் 20 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. வெப்பமும் ஈரமும் மாறாத நாட்டில் அது மேலிருந்து கீழாக மக்கி, பல மீட்டர் ஆழத்துக்குப் பொலபொலப்பான மண்ணாகிவிட்டிருக்கிறது. நீர் அந்த மக்கிய அடுக்கில் தேங்கி, அடியில் உள்ள கெட்டிப்பாறையின் மேல் வழுக்கி, பாறை வெடிப்புகளின் வழியே வெளியேறுகிறது. சில வாரம் மழை இல்லாவிட்டாலும் ஓடை வற்றாமல் இருப்பது இதனால்தான். இதே மண்ணுக்கு இன்னொரு குணமும் உண்டு. மரம் இருக்கும் வரை வேர் அதைப் பிடித்து நிற்கும்; மரத்தை வெட்டிச் சரிவைத் திறந்துவிட்டால் ஒரே கனமழையில் கரைந்து ஓடும். ராபின்சன் அருவியின் கலங்கிய நிறமும், பின்னாளில் லெம்பா பெர்த்தாமைத் தாக்கிய சேற்று வெள்ளமும் இந்தக் குணத்தோடு தொடர்புடையவை.

பிரிஞ்சாங் பட்டணத்தையும் தானா ராத்தாவையும் கடந்து வரும் ஆறு, ஒன்பதாம் பாதை தொடங்கும் இடத்தில் சிறிய ஓட்டம்தான். பாலத்தைக் கடந்து ஆற்றையொட்டித் திரும்பியவுடன் வாகன இரைச்சல் குறையத் தொடங்குகிறது. தானா ராத்தாவின் உயரம் சுமார் 1,440 மீட்டர். பகலில் வெயில் ஏறினாலும் 25 பாகையை ஒட்டித்தான் நிற்கும். இரவில் 15 வரை இறங்கும். ஆகவே காலை எட்டு, ஒன்பது மணிக்கு நடக்கிறவர்களுக்குக் குளிர்ச்சியும் வெளிச்சமும் ஒன்றாகக் கிடைக்கும்.

இந்த உயரத்தில் இருப்பது கீழ்மலைக்காடு. ஓக் இனத்தையும் இலவங்க இனத்தையும் சேர்ந்த மரங்களே இதில் மிகுதி. பாதையோரத்தில் முதலில் கண்ணைக் கவர்வன மரப் பெரணிகள். ஓர் ஆளுக்கு மேல் உயர்ந்த தண்டின் உச்சியில் குடைபோல் விரிந்த இலைகளும், சுருண்டு நிற்கும் இளந்தளிர்களும் அவற்றின் அடையாளம். நீர்வரத்துள்ள சரிவுகளில் காட்டு இஞ்சியும் பெகோனியாவும் அடர்ந்திருக்கும். முள்பிரம்பு கைகால்களைக் கீறாமல் பார்த்து நடக்க வேண்டும். மூங்கில் புதர்களில் சிறு பறவைகள் கூட்டமாக வந்து போகும். வெள்ளிக்காதுச் சிலம்பன் என்று சொல்லத்தக்க பறவை இந்த மலையில் சாதாரணம். கன்னத்தில் வெள்ளித்தகடு ஒட்டியது போன்ற அதை ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். பட்டாம்பூச்சிகளில் மலேசியாவின் தேசியப் பட்டாம்பூச்சியான ராஜா புரூக்கும் கேமரன் மலைச் சரிவுகளில் உண்டு. கறுப்புச் சிறகில் பச்சைப் பட்டைகள் மின்ன, ஈரமான ஆற்றோர மண்ணில் உப்புச் சத்தை உறிஞ்ச அது இறங்கும். நினைவுப்பொருள் கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் குத்தி வைக்கப்பட்டிருப்பதை வாங்குவதைவிட, அது உயிரோடு பறப்பதைக் காண்பதே இந்த நடைக்குப் பொருத்தமான செயல்.

அருவிக்குக் கொஞ்சம் முன்னால் எட்டாம் எண் பாதை பிரிந்து பெரம்பான் மலையை நோக்கிச் செங்குத்தாக ஏறுகிறது. அது அனுபவசாலிகளுக்கான பாதை; எண்ணைப் பார்க்காமல் அதில் ஏறிவிட்டால் எளிய காலைநடை கடுமையான மலையேற்றமாகிவிடும்.

ராபின்சன் அருவி மிக உயரமானதன்று. ஆறு கருங்கற் படிகளில் அடுக்கடுக்காக உடைந்து ஒரு குறுகலான பிளவுக்குள் விழுகிறது. பாதையிலிருந்து பார்க்கும்போது நீரின் ஒரு பகுதிதான் தெரியும். மீதியைச் செடிகொடிகள் மறைத்திருக்கும். மழை பெய்த மறுநாள் அதன் முழக்கம் தொலைவிலிருந்தே கேட்கும். அருவிக்குப் பக்கத்தில் இறங்கிக் குளிக்கும் ஆசை யாருக்கும் வரும். அதற்கு இடங்கொடுக்காமல் இருப்பது நல்லது. பாறை வழுக்கும், அதைவிட முக்கியமாக, நீர் தூய்மையானதன்று. இரண்டு பட்டணங்களின் கழிவும் சரிவுத் தோட்டங்களின் உரமும் பூச்சிமருந்தும் இந்த ஆற்றில் கலக்கின்றன. கனமழைக்குப் பின் பால்கலந்த தேநீரின் நிறத்தில் ஆறு ஓடும். இத்தனை மழை பெறும் மலையில், ஆற்றங்கரையில் நிற்பவர் ஒரு கை நீரை அள்ளிக் குடிக்க முடியாது. குடிதண்ணீரைப் புட்டியில் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. தானா ராத்தாவுக்கு அருகே உள்ள பாரிட் அருவிக்குப் போகும் நான்காம் பாதையும் இதைப் போலவே எளிதானது, அழகானது. அங்கும் நீரின் நிலை இதுதான்.

அருவியைத் தாண்டியபின் பாதை இரண்டாகிறது. ஒன்பதாம் பாதையின் மீதி, ராபின்சன் அருவி மின்நிலையத்தை நோக்கிச் செங்குத்தாக இறங்கும். இறக்கம் வழுக்கலானது, முழங்கால் நோவு உள்ளவர்கள் தவிர்க்கலாம். 9ஏ பாதை சாய்வாக, காட்டின் விளிம்பிலேயே போகிறது. அருவியிலிருந்து ஒரு மணி நேரத்தில், அல்லது சற்றுக் கூடுதலாக, காடு சட்டென்று முடிந்து பிளாஸ்டிக் கூரைகள் தொடங்குகின்றன. முட்டைக்கோஸ், தக்காளி, சாலட் கீரை, பூச்செடி ஆகியவை இவற்றின் கீழே வளர்கின்றன. கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் சந்தைக்கு வரும் குளிர்நாட்டுக் காய்கறிகளில் பெரும்பங்கு இந்த மலையிலிருந்து போவதுதான். தோட்டக்காரர்களின் உழைப்பு கடுமையானது. விடியலுக்கு முன்பே லாரிகளில் பெட்டிகள் ஏறிவிடும். ஆனால் சரிவு முழுவதும் கூரை போட்டால் மழை மண்ணுக்குள் இறங்க வழியில்லை. கூரையில் விழும் நீர் உடனே வாய்க்காலுக்கும் வாய்க்காலிலிருந்து ஆற்றுக்கும் பாய்கிறது. பாசியும் கரிமண்ணும் வாரக்கணக்கில் பிடித்து வைத்திருந்து விட்ட நீரை இப்போது ஆறு ஒரே மணி நேரத்தில் சுமக்க வேண்டியிருக்கிறது.

காய்கறித் தோட்டங்களைக் கடந்ததும் போ சாலை. இங்கிருந்து தேயிலையின் நாடு.

கேமரன் மலை என்ற பெயர் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளரிடமிருந்து வந்தது. 1885இல் பகாங் மாநிலத்தின் மேற்கு மலைகளை அளக்கப் போனவர் அவர். அதன்பின் நாற்பது ஆண்டுகள் இந்த இடம் பெரும்பாலும் செமாய் மக்களின் காடாகவே இருந்தது. ஒராங் அஸ்லி எனப்படும் தீபகற்பப் பூர்வகுடிகளுள் ஒரு பிரிவினர் செமாய்கள். ஆற்றை ஒட்டியும் மலைமுதுகின் மேலும் அவர்கள் நடந்து நடந்து பதிந்த வழிகள் இருந்தன. இன்றைய நடைபாதைகளுக்கு எண் கொடுத்தவர்கள் பிறகு வந்தவர்கள். 1925இல் ஜார்ஜ் மேக்ஸ்வெல் என்ற ஆங்கில அதிகாரியின் முயற்சியால் மலையை வெயில்கால ஓய்விடமாக்கும் திட்டம் உருவானது. தாப்பா பட்டணத்திலிருந்து வளைந்து வளைந்து ஏறும் சாலை 1930களின் தொடக்கத்தில் தானா ராத்தாவை எட்டியது.

சாலை முடிவதற்கு முன்பே தேயிலை வந்துவிட்டது. ஜே. ஏ. ரசல் என்ற ஆங்கில வணிகர், இலங்கையில் தேயிலைத் தொழில் பழகிய மில்ன் என்பவரோடு சேர்ந்து 1929இல் போ தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் அகர்வால் குடும்பத்தினர் பாரத் தேயிலைத் தோட்டத்தை உருவாக்கினார்கள். ரிங்லெட்டிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறும் நெடுஞ்சாலையில் போகிறவர்கள் அதன் பள்ளத்தாக்கைக் காணாமல் இருக்க முடியாது. போ நிறுவனத்துக்கு இப்போது மலையில் போ, ஃபேர்லி, சுங்கை பாலாஸ் என்று மூன்று தோட்டங்கள் இருக்கின்றன.

இந்தச் சரிவுகளில் காட்டை அழித்துத் தேயிலை நட்டுக் கொழுந்து பறித்தவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். தமிழ்நாட்டிலிருந்து நேரடியாகத் தொழிலாளர்களை அழைத்துவரும் காலம் அப்போது முடியும் தறுவாயில் இருந்தது. 1930களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தம் ஆள் எடுப்பதை நிறுத்தியது. 1938இல் இந்திய அரசு, மலாயாவுக்குக் கூலித்தொழிலாளர்களை உதவிப்பணத்தோடு அனுப்புவதைத் தடை செய்தது. ஆகவே மலைத்தோட்டங்களின் பழைய குடும்பங்களில் கீழ்நாட்டு ரப்பர்க் காடுகளில் பால்மரம் வெட்டிவிட்டுப் பிறகு மேலேறியவர்களும் உண்டு. வெப்பத்துக்குப் பழகியவர்கள் கம்பளியும் சாக்கும் போர்த்திக்கொண்டு, விடியற்காலைப் பனியில் பெரட்டு எனப்படும் ஆள்கணக்கெடுப்புக்கு நின்றார்கள். லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளுக்குப் பக்கத்தில் ஓடிய ஓடைதான் குளிக்க, துவைக்க, சமைக்க எல்லாவற்றுக்கும். தோட்டங்களில் பல இடங்களில் மாரியம்மனும் முருகனும் குடியேறினார்கள்; தமிழ்ப்பள்ளிகளும் எழுந்தன. தானா ராத்தாவிலும் ரிங்லெட்டிலும் போ தோட்டத்திலும் தமிழ்ப்பள்ளிகள் இன்றும் நடக்கின்றன.

கொழுந்து பறிக்கும் முறை அந்தக் காலத்திலிருந்து மாறிவிட்டது. விரலால் இரண்டிலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளியது போய், பை பொருத்திய கத்தரிக்கோல் வந்தது. அதன்பின் இரண்டு பேர் இருபுறமும் பிடித்துக்கொண்டு வரிசைமேல் நகர்த்தும் இயந்திரம் வந்தது. ஆட்களும் மாறியிருக்கிறார்கள். தோட்டத்துத் தமிழர்களின் பிள்ளைகள் படித்துப் பட்டணங்களுக்குப் போய்விட, இப்போது வங்காளதேசத்தையும் நேபாளத்தையும் இந்தோனேசியாவையும் சேர்ந்தவர்களே சரிவுகளில் மிகுதியாக நிற்கிறார்கள். மாறாமல் இருப்பது செடியின் தேவை. தேயிலைக்கு ஆண்டுக்குக் குறைந்தது 1,500 மில்லிமீட்டர் அளவுக்கு மழை வேண்டும். அதுவும் மாதந்தோறும் பரவலாகப் பெய்ய வேண்டும். வேரில் நீர் தேங்கக்கூடாது. வடிகாலுள்ள கருங்கல் சரிவும் இடைவிடாத மழையும் சேர்ந்த இந்த மலை அதற்கு வாய்த்த இடம். நன்றாக வளர்ந்து நெருங்கிய தேயிலைப் பாத்தி மண்ணையும் ஓரளவு காக்கிறது. காட்டுக்கு அது ஈடாகாது. ஆனால் ஆண்டுக்குப் பல முறை உழுது திறக்கும் காய்கறிச் சரிவைவிடப் பல மடங்கு மேல்.

ஹாபுவில் ஆறு மனிதரின் கட்டளைக்குள் போய்விடுகிறது. 1960களின் தொடக்கத்தில் கட்டி முடிக்கப்பட்ட கேமரன் மலை நீர்மின் திட்டம், மலாயாவின் முன்னோடி மின்திட்டங்களுள் ஒன்று. வடக்கே ஓடும் டெலோம் ஆற்றின் நீர் மலைக்குள் குடைந்த சுரங்கத்தின் வழியே பெர்த்தாம் பள்ளத்தாக்குக்குத் திருப்பப்பட்டது. ராபின்சன் அருவியிலும் ஹாபுவிலும் சிறு மின்நிலையங்கள் அமைந்தன. எல்லா நீரும் ரிங்லெட்டில் சுல்தான் அபு பக்கார் அணைக்குப் பின்னால் சேர்க்கப்பட்டது. நெடுஞ்சாலையோரத்தில் சுற்றுலாப் பயணிகள் நின்று படம் பிடித்துக்கொள்ளும் ஏரி இந்த அணையின் நீர்த்தேக்கமே.

அதன்பின் நடப்பது வியப்பான காரியம். பெர்த்தாம் இயற்கையில் கிழக்கு நோக்கிய ஆறு. டெலோமோடும் ஜெலாயோடும் கலந்து பகாங் ஆறாகி, தென்சீனக் கடலில் சேர வேண்டிய நீர் அது. அணை கட்டியபின் அதன் பெரும்பகுதி மற்றொரு நீண்ட சுரங்கத்தின் வழியே மேற்கே, மலைத்தொடரின் மறுபக்கம் திருப்பப்படுகிறது. அங்கே பேராக் மாநிலத்தில், 500 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்திலிருந்து பாய்ந்து ஜோர் என்ற இடத்தில் நிலத்தடியில் உள்ள சுல்தான் யூசுப் மின்நிலையத்தின் சுழலிகளைச் சுற்றுகிறது. 100 மெகாவாட் திறனுள்ள நிலையம் அது. பிறகு பாத்தாங் பாடாங் ஆற்றின் வழியே மலாக்கா நீரிணைக்குப் போகிறது. ராபின்சன் அருவியில் விழும் துளியை யாரேனும் பின்தொடர்ந்து போக முடிந்தால், அது புறப்பட்ட திசைக்கு நேர் எதிரான கடலில் போய் முடியும்.

இந்த ஏற்பாட்டின் பலவீனம் மண். மலையில் திறந்துவிடப்பட்ட சரிவுகளிலிருந்து வரும் சேறு அனைத்தும் நீர்த்தேக்கத்தின் அடியில்தான் படிகிறது. அதனால் நீர் நிற்க வேண்டிய கொள்ளளவு ஆண்டுதோறும் சுருங்கிக்கொண்டே வந்தது. அடியிலிருந்து சேற்றை வாரி எடுக்கும் வேலை ஓயாமல் நடந்தாலும் மேலிருந்து வருவது நிற்கவில்லை. கொள்ளளவு குறைந்த தேக்கம் பெருமழையில் சீக்கிரம் நிரம்பும். நிரம்பினால் அணையைக் காக்க மதகைத் திறந்தே ஆக வேண்டும்.

2013 அக்டோபர் 23ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின் அதுதான் நடந்தது. கனமழையில் தேக்கம் நிறைந்து, மதகுகள் திறக்கப்பட்டன. அணைக்குக் கீழே ஆற்றின் கரையிலேயே நெருங்கிக் கட்டப்பட்டிருந்த லெம்பா பெர்த்தாம் குடியிருப்பில் சேறும் நீரும் புகுந்தன. தூங்கிக்கொண்டிருந்தவர்கள் கூரைமேல் ஏறித் தப்பினார்கள், வீடுகளும் வாகனங்களும் அடித்துச் செல்லப்பட்டன, உயிர்கள் போயின. அடுத்த ஆண்டு நவம்பர் தொடக்கத்தில் ரிங்லெட்டையும் லெம்பா பெர்த்தாமையும் மறுபடியும் சேற்று வெள்ளம் தாக்கியது. அப்போதும் உயிர்ச்சேதம் ஏற்பட்டது. இதற்கு அணையை மட்டுமோ மழையை மட்டுமோ காரணம் சொல்லிவிட முடியாது. மேலே அனுமதியின்றி வெட்டப்பட்ட சரிவுகள், அவற்றிலிருந்து வந்து தேக்கத்தை நிரப்பிய சேறு, ஆற்றுக்கென்று ஒதுக்கிய நிலத்திலேயே எழுந்த தோட்டங்களும் வீடுகளும் எல்லாம் சேர்ந்து குறுக்கிவிட்ட ஆற்றின் வழி என ஒன்றின்மேல் ஒன்றாகக் காரணங்கள் அடுக்கியிருந்தன. அந்த வெள்ளங்களுக்குப் பிறகு எச்சரிக்கைச் சங்கொலி ஏற்பாடுகள் பலப்படுத்தப்பட்டன. சட்டவிரோதத் தோட்டங்களை அகற்றும் நடவடிக்கைகள் நடந்தன. ஆற்றின் கரைகள் அகலப்படுத்தப்பட்டன. மேலே சரிவுகள் திறந்து கிடக்கும் வரை இவை பாதி மருந்துதான்.

இன்னும் கீழே அதே ஆற்றின் குறுக்கே 2016இல் சூசு அணை கட்டி முடிக்கப்பட்டது. அதன் நீரால் இயங்கும் உலு ஜெலாய் நிலையத்தின் திறன் 372 மெகாவாட். மின்தேவை உச்சத்தில் இருக்கும் மணிகளில் ஓடவேண்டும் என்பதே அதன் நோக்கம். இருபது நிமிட நடையில் கண்ட சிறு ஆறு இவ்வளவு வேலை செய்கிறது.

நடக்கப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை சில. ஜனவரி, பிப்ரவரியிலும், ஜூன், ஜூலையிலும் மழை ஒப்பளவில் குறைவு. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மிகுதி. எந்த மாதமானாலும் மழை பெரும்பாலும் பிற்பகலில் பிடிக்கும். ஆகவே காலையில் புறப்பட்டு நண்பகலுக்குள் திரும்புவது முறை. அருவிவரை மட்டும் போக, பிடிப்புள்ள சாதாரணக் காலணி போதும். 9ஏ பாதையில் போவதாக இருந்தால் கணுக்காலை மூடும் காலணியும், மழைச்சட்டையும், நீண்ட காலுறையும் நல்லது. ஈரமான நாளில் அட்டை ஏறக்கூடும். அது ஆபத்தானதன்று, நகத்தால் நிமிண்டி எடுத்துவிட்டு இடத்தைக் கழுவினால் போதும். காய்கறித் தோட்டங்களில் காவல்நாய்கள் உண்டு. ஓடாமல், பாதையை விட்டு விலகாமல், கூட்டமாக நடந்தால் அவை குரைப்பதோடு நின்றுவிடும். தோட்டங்களுக்குள் செல்லும் வழி பிறர் பிழைப்பு நடத்தும் இடம் என்பதால் பாத்திகளை மிதிக்காமல், பயிரைத் தொடாமல் போக வேண்டும்.

மண்சரிவால் பாதைகளின் சில பகுதிகள் அவ்வப்போது மூடப்படுவதுண்டு. புறப்படுமுன் தங்கும் விடுதியிலோ பட்டணத்துக் கடைகளிலோ பாதையின் நிலையைக் கேட்டுக்கொள்வது நல்லது. எந்தப் பாதையில் போகிறோம், எப்போது திரும்புவோம் என்று யாரிடமாவது சொல்லிவைப்பதும் அவசியம். இந்த எச்சரிக்கையைக் கேமரன் மலையில் யாரும் இலேசாக எடுத்துக்கொள்வதில்லை. தாய்லாந்துப் பட்டு வணிகத்தால் உலகப் புகழ் பெற்ற அமெரிக்கர் ஜிம் தாம்சன் 1967 மார்ச் 26ஆம் நாள் தானா ராத்தாவுக்கு அருகே தாம் தங்கியிருந்த மாளிகையிலிருந்து பிற்பகலில் நடக்கப் போனவர்; திரும்பவே இல்லை. காவலர்களும் படைவீரர்களும் ஒராங் அஸ்லி வழிகாட்டிகளுமாக நூற்றுக்கணக்கானோர் காட்டைச் சல்லடை போட்டும் அவரைப் பற்றிய தடயம் எதுவும் கிடைக்கவில்லை.

9ஏ பாதையில் இறங்கிப் போ சாலையை அடைந்தவர்கள் வலப்பக்கம் திரும்பி நடந்தால் ஹாபுவில் நெடுஞ்சாலை வரும். தானா ராத்தாவிலிருந்து ரிங்லெட் போகும் பேருந்துகள் அந்த வழியாகத்தான் போகின்றன. ஆனால் அடிக்கடி வருவதில்லை. வாடகைக் காரை முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொண்டால் காத்திருக்க வேண்டியதில்லை. நேரம் இருந்தால் அதே காரில் ரிங்லெட் நீர்த்தேக்கம் வரை இறங்கி, அணையையும், சேறு வாரும் இயந்திரங்களையும், கீழே லெம்பா பெர்த்தாம் குடியிருப்பையும் பார்த்துவிட்டு மேலேறலாம். காலையில் காட்டுக்குள் கூடவே வந்த ஆறு அங்கே என்ன ஆகிறது என்பது அப்போது முழுதாக விளங்கும்.